அடிபட்ட சர்ஃப் போர்டு: ஒட்டிப் போடலாமா, மாற்றிவிடலாமா?

பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், வேளாங்கண்ணி என்று நம் டெல்டா கரையில் சர்ஃபிங் பழகத் தொடங்குகிறவர்கள் கையில் இருப்பது அநேகமாகப் பழைய போர்டுதான். கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ புதுச்சேரியிலோ யாரோ ஓட்டி முடித்து விற்றது, நண்பர் வழியாகக் கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு இங்கே இறங்கினால் சீக்கிரமே அடிபடும். நம் கரையில் பல இடங்களில் அலை கரையை ஒட்டியே மடிந்து விழுகிறது, அதோடு கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லும் தூண்டில் வளைவும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு நாள் போர்டைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பில் விரிசல், இல்லையென்றால் அடியில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. உடனே ஒருவர் ‘எம்-சீல் வச்சு அடைச்சுட்டு ஓட்டு’ என்பார், இன்னொருவர் ‘தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு’ என்பார். இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

ஓட்டை எவ்வளவு பெரிது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். உள்ளே தண்ணீர் எவ்வளவு போயிருக்கிறது, உள்ளே இருக்கும் ஃபோம் எந்த ரகம், போர்டின் பலம் உடைந்திருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும். உள்ளங்கை அகல ஓட்டை விழுந்தும் ஒரே வாரத்தில் தேறிவிடுகிற போர்டு உண்டு, வெளியே நகக்கீறல் மாதிரி ஒரு கோடு மட்டும் தெரிந்து உள்ளே ஊறிப்போய்க் கிடக்கிற போர்டும் உண்டு.

முதலில் கரையேறுங்கள்

அடிபட்டது தெரிந்த உடனே வெளியே வந்துவிடுங்கள். அலை நன்றாக இருக்கிற நாளில் மனசு வராது, தெரியும். ஆனால் வெயிலில் சூடான போர்டு தண்ணீரில் குளிரும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், சுருங்கும்போது அந்த விரிசல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். நீங்கள் இன்னும் இரண்டு அலை பிடிக்கிற நேரத்தில் பழுது இரண்டு மடங்காகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துக் காயத்தைச் சுற்றித் துடையுங்கள். உப்பு ஒட்டியிருக்கும்வரை அந்த இடம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் காயம் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி நிழலில், காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் போடுகிறவர்கள் நிறைய பேர், அதைச் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து, மேலே கண்ணாடி இழையால் ஆன ஓடு ஃபோமிலிருந்து பிரிந்துவிடும். ஒரு சின்ன ஓட்டையோடு போன போர்டு, பெரிய கொப்புளத்தோடு திரும்பி வரும். பூட்டிய காருக்குள் வைப்பதும் இதே கதைதான்.

அடுத்து, கால் வழுக்காமல் இருக்க மேலே தடவியிருக்கும் வாக்ஸ் முழுவதையும் சுரண்டி எடுங்கள். பழைய ஏ.டி.எம். கார்டு போதும். வாக்ஸுக்கு அடியில் இன்னும் நாலு விரிசல் ஒளிந்திருக்கும், பழைய போர்டு என்றால் கட்டாயம் இருக்கும்.

தண்ணீர் குடித்திருக்கிறதா

போர்டை எடை போடுங்கள். குளியலறைத் தராசு இருந்தால் போர்டோடு ஏறி நின்று பார்த்துவிட்டு, போர்டு இல்லாமல் ஒரு முறை பார்த்தால் போதும். இல்லையென்றால் கொக்கியில் மாட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு கடைகளில் கிடைக்கிறது. பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோமில் செய்த 6 அடி ஷார்ட்போர்டு ஏறக்குறைய இரண்டரை, மூன்று கிலோ இருக்கும், 9 அடி லாங்போர்டு ஆறிலிருந்து எட்டு கிலோ வரை போகும். வாங்கின அன்றே எடை போட்டுக் குறித்து வைத்திருந்தால் இந்த வேலை சுலபம், அதனால் புதிதாக வாங்கப் போகிறவர்கள் அதை முதல் நாளே செய்துவிடுங்கள். ஒரு லிட்டர் கடல் தண்ணீர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல், ஆக எடை எவ்வளவு ஏறியிருக்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு லிட்டர் உள்ளே இருக்கிறது.

மூன்று நாளைக்கு ஒரு முறை எடை பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் காய்கிறது, பொறுத்திருங்கள். எடை குறைவது நின்றால் அதற்கு மேல் காயாது. பி.யூ. ஃபோமில் தண்ணீர் காயத்தைச் சுற்றித்தான் பெரும்பாலும் நிற்கும், அதனால் சில நாளில் காய்ந்துவிடும். தெர்மாகோல் ரகமாக இருந்தால் மணிகளுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாகத் தண்ணீர் எங்கெங்கோ போய் உட்கார்ந்திருக்கும், வாரக்கணக்கில் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே எதுவுமே காயாது. அந்த மாதங்களில் ஒரு அறைக்குள் வைத்து டேபிள் ஃபேனைக் காயத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பதுதான் வழி.

கண்ணால் பார்க்க இன்னும் இரண்டு அடையாளம் சொல்கிறேன். விரிசலைச் சுற்றி ஃபோம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ பரவியிருந்தால் அது இன்றைக்கு விழுந்த அடி கிடையாது, பல நாளாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. பத்து மணி வாக்கில் போர்டு லேசாகச் சூடானதும் விரிசலின் ஓரத்தில் சின்னச் சின்ன முத்தாகத் தண்ணீர் கசிந்து நின்றால், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், மறுபடி வரும். அந்த நிலையில் அதன்மேல் ரெசின், அதாவது ஊற்றினால் இறுகிக் கெட்டியாகிற பிசின், ஊற்றினால் பிடிக்காது, பிடித்தாலும் அடுத்த கோடையில் கொப்புளித்து வெளியே வந்துவிடும்.

உள்ளே என்ன ஃபோம்

இதைத்தான் நம் ஊர்க்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை, பழையாறு என்று எங்கே போனாலும் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுகிற நல்ல கை உள்ளவர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியதில் இந்தத் தொழிலும் கரையெங்கும் வேரூன்றிவிட்டது. அவர்களிடம் ரெசின், கண்ணாடி இழை மேட், ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் எல்லாம் எப்போதும் இருக்கும். போர்டை அவர்களிடம் கொண்டுபோவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும், பாதி நேரம் அது சரியான முடிவும்கூட. மீதிப் பாதி நேரம் போர்டு போய்விடும்.

ஏனென்றால் படகுக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஸ்டைரீன் இருக்கிறது, ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். இன்றைக்கு விற்கிற, எபாக்ஸி என்ற வேறொரு ரெசினில் செய்த போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை ஃபோம்தான். காரைக்காலில் ஒரு பையனின் போர்டுக்கு இது நடந்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எலுமிச்சை அளவு ஓட்டை. படகு வேலை செய்கிற அண்ணன் ரெசினை ஊற்றினார், மட்டமாக நின்றது, ஒரு நிமிடத்தில் கீழே இறங்கியது, மறுபடி ஊற்றினார், அதுவும் இறங்கியது. ‘தம்பி, ஊத்த ஊத்த உள்ள போவுதுடா’ என்று அவர் நிறுத்தியபோது எலுமிச்சை அளவு ஓட்டைக்கு அடியில் தேங்காய் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அவர்மேல் ஒரு குறையும் இல்லை, படகுக்கு அவர் செய்கிற வேலை பத்து வருஷம் நிற்கும். போர்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். ஓட்டைக்குள்ளிருந்து ஒரு துணுக்கு ஃபோமைக் கிள்ளி எடுங்கள். நசுக்கினால் மணி மணியாகப் பிரிந்தால் தெர்மாகோல், மாவாக உதிர்ந்தால் பி.யூ. சந்தேகமாக இருந்தால் அந்தத் துணுக்கை ஒரு பாட்டில் மூடியில் போட்டு நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனை நாலு சொட்டு விடுங்கள், தெர்மாகோல் என்றால் கண்ணெதிரிலேயே சுருங்கிக் கூழாகிவிடும், பி.யூ. அப்படியே இருக்கும். இந்தச் சோதனையைத் துணுக்கில் செய்யுங்கள், போர்டின் ஓட்டைக்குள் விட்டுவிடாதீர்கள்.

பி.யூ. என்றால் பாலியெஸ்டரும் ஒட்டும், எபாக்ஸியும் ஒட்டும், படகு அண்ணனிடம் தைரியமாகப் போகலாம். தெர்மாகோல் என்றால் எபாக்ஸி மட்டும்தான். எந்த ரகம் என்று எப்படிப் பார்த்தும் புரியவில்லையென்றால் எபாக்ஸியே போடுங்கள், அது இரண்டுக்கும் பொருந்தும்.

பலம் போயிருக்கிறதா

பல போர்டுகளில் மூக்கிலிருந்து வால்வரை நடுவில் ஒரு மெல்லிய மரச்சட்டம் ஓடும், அதை ஸ்ட்ரிங்கர் என்பார்கள். வால் பக்கம் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். கோடு எங்கேயாவது ஒடிந்து தெரிகிறதா? குறுக்காக ஒரு மடிப்பு, மேலும் கீழும் ஒரே இடத்தில் இருந்தால் போர்டு பாதி முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் தலையணைமேல் வைத்து நடுவில் கையால் மெதுவாக அழுத்தினால் ‘கிர்ர்’ என்று சத்தம் வரும்.

அப்புறம் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து மேல்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். ஓடு ஃபோமைவிட்டுப் பிரிந்த இடத்தில் சத்தம் மாறி, பொத்தென்று வெறுமையாகக் கேட்கும். அந்த இடத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள். கோடு போட்ட பிறகுதான் பிரிவு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று தெரியும்.

எதை ஒட்டலாம், எதை விட்டுவிடலாம்

கால் பதிந்து விழுந்த பள்ளத்தை, விரிசல் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். எல்லாப் போர்டிலும் அது வரும். மேல் பூச்சில் மட்டும் இருக்கிற மயிரிழை விரிசலுக்கு ஒரு கை ரெசின் போதும். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓட்டை, விளிம்பு விரிசல், நசுங்கிய மூக்கு, உடைந்த வால் நுனி எல்லாம் ஒட்டினால் நன்றாகத் தேறும். உள்ளங்கை அளவுக்கு ஓடு பிரிந்திருந்தால் ஊசியில் எபாக்ஸி ஏற்றி, மேலே கனம் வைத்து அழுத்தி ஒட்டிவிடலாம்.

காலையும் போர்டையும் இணைக்கிற கயிறான லீஷை மாட்டுகிற குமிழ் ஆட்டம் கொடுத்தால் ஒட்டலாம், ஆனால் ஒட்டும்வரை கடலுக்குள் போகக்கூடாது. அது பிய்ந்தால் நீங்கள் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம். வாடைக்காலத்து நீரோட்டத்தில் புதிதாகப் பழகுகிற ஒருவர் போர்டு இல்லாமல் மாட்டிக்கொள்வது விளையாட்டில்லை. அடியில் இருக்கிற துடுப்பை (ஃபின்) பொருத்தும் ஃபின் பாக்ஸ் பிய்ந்தாலும் ஒட்டக்கூடியதுதான், ஆனால் போர்டு திரும்பும்போது வருகிற விசை முழுக்க அங்கேதான் இறங்குகிறது என்பதால் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். அதற்கு ஆகிற செலவுக்கு அந்தப் போர்டு தகுதியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி விட்டுவிட வேண்டியவை. நிற்கிற இடம் முழுக்க ஓடு பிரிந்துவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் காயவைத்தும் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடுதலாகவே நிற்கிறது என்றாலும் விட்டுவிடுங்கள். ஸ்ட்ரிங்கரோடு மடிந்த போர்டை ஒட்ட முடியும், இரண்டு துண்டான போர்டைக்கூடச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒட்டிய இடம் கனமாகவும் விறைப்பாகவும் ஆகி, அடுத்த முறை பெரும்பாலும் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே முறியும். லாங்போர்டு, நல்ல போர்டு, கைக்குப் பழகியது என்றால் செய்யலாம். பழைய ஷார்ட்போர்டுக்குச் செய்வது காசைக் கரைப்பது.

மேலே மெத்தென்று இருக்கிற சாஃப்ட்-டாப் போர்டு தனி. பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது, ஆனால் பழுது பார்க்க அதைவிடக் கஷ்டமானதும் கிடையாது. அடியில் இருப்பது பாலிதீன் வகை பிளாஸ்டிக், எபாக்ஸி அதில் சரியாகப் பிடிக்காது. செருப்புக்குப் போடுகிற ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான் உள்ளே இருக்கிற தெர்மாகோலைத் தின்றுவிடும். மேல் மெத்தையில் சின்னக் கிழிசல் என்றால் ஒட்டி ஓட்டுங்கள், அடித்தகடு உரிந்து தண்ணீர் ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பணக் கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் போர்டு உங்களுக்கு ஏற்றதுதானா? மலிவாகக் கிடைத்தது என்று 6 அடி ஷார்ட்போர்டில் பழகிக்கொண்டு, எழுந்து நிற்கவே முடியவில்லை என்று மனம் சலித்துப் போனவர்களை நான் நிறையப் பார்க்கிறேன், எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். அப்படிப்பட்ட போர்டு உடைந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல், அந்தக் காசைச் சேர்த்து 8 அடி சாஃப்ட்-டாப்பாகப் பழையது பாருங்கள். ஏற்ற போர்டுதான் என்றால், அதே மாதிரி பழைய போர்டு என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். பழுதுக் கூலியோடு புதுச்சேரிக்கோ மாமல்லபுரத்துக்கோ கொண்டுபோய்க் கொண்டுவருகிற செலவையும் சேர்த்தால் அந்த விலையில் பாதியைத் தாண்டுகிறதா? தாண்டினால் மாற்றுங்கள். தாண்டாவிட்டால் ஒட்டுங்கள்.

நாமே ஒட்டுவது

சின்ன ஓட்டையை நீங்களே ஒட்டலாம், ஒட்டவும் வேண்டும், ஏனென்றால் நம் கரையில் சர்ஃபிங்கை விடாமல் செய்கிறவர் யாராக இருந்தாலும் வருஷம் முழுக்க இந்த வேலை வந்துகொண்டே இருக்கும். முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைத் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது, கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

நைந்த கண்ணாடி இழையைப் பிளேடால் வெட்டி எடுங்கள். ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், பளபளப்பு இருக்கிற இடத்தில் ரெசின் பிடிக்காது. எபாக்ஸியில் மைக்ரோ பலூன் என்கிற லேசான நிரப்புப் பொடியைக் கெட்டியாகக் கலந்து குழியை மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை நிரப்புங்கள். அது இறுகியதும் தேய்த்துச் சமப்படுத்தி, கண்ணாடித் துணி இரண்டு அடுக்கு, ஒன்று ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அடுத்தது அதைவிடப் பெரிது, வைத்து ரெசினில் நனைத்துக் காற்றுக் குமிழி இல்லாமல் தள்ளுங்கள். மேலே ஒரு பூச்சு, இறுகியபின் 120, 220, கடைசியில் 400 தண்ணீர் விட்டுத் தேய்த்தால் முடிந்தது.

துணி என்று சொன்னேன், மேட் இல்லை. படகுக் கடையில் மலிவாகக் கிடைக்கிற மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் கரைவதற்காகச் செய்தது, எபாக்ஸியில் அது சரியாகக் கரையாது, அதோடு ரெசினை நிறையக் குடித்துப் போர்டைக் கனமாக்கிவிடும். மெல்லிய நெய்த துணியாக, சதுர மீட்டருக்கு 130 முதல் 200 கிராம் எடையில் கேட்டு வாங்குங்கள்.

எபாக்ஸியில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரின் அளவை டப்பாவில் போட்டிருக்கிறபடியே கலக்க வேண்டும், சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். சித்திரை வெயிலில் கலக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், கப்பில் நிறைய வைத்தால் தானே சூடேறிப் புகைந்துவிடும். மழைக்காலத்தில் ஒட்டினால் இறுகிய எபாக்ஸியின்மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம் வரும், தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகுதான் அடுத்த பூச்சு. பி.யூ. போர்டுக்குப் பாலியெஸ்டர் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: இறுகுவதை வேகப்படுத்துகிற ஊதா நிறக் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நிறமில்லாத கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்.

படகு அண்ணன்களிடம் கொடுப்பதாக இருந்தால் காலம் பார்த்துப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்று பழுது பார்க்கப்படும், உங்கள் ஒரு போர்டுக்காக யாருக்கும் நேரம் இருக்காது. எம்-சீல் கடலோரத்தில் அன்றைக்கு மட்டும் சமாளிக்க உதவும், வீட்டுக்கு வந்ததும் சுரண்டி எடுத்துவிட்டு ஒழுங்காக ஒட்டுங்கள். தெர்மாகோல் போர்டில் ஃபெவிக்விக் விடவேண்டாம், அதுவும் ஃபோமை அரிக்கும்.

மாற்றிவிடுவது என்று முடிவு செய்த பழைய போர்டைக் கரையிலோ ஆற்றங்கரையிலோ போட்டுவிடாதீர்கள், தெர்மாகோல் மணி காற்றில் பறந்து வாய்க்கால், உப்பனாறு என்று எங்கும் போய்ச் சேரும், திரும்பப் பொறுக்க முடியாது. ஃபின், லீஷ், கால் பதிக்கும் பேட் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள், புதுப் போர்டுக்கு ஆகும். துணி ஒட்டிப் பழக அதைவிட நல்ல பலகை கிடைக்காது, அதில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை போட்டு முதல் ஒட்டை அங்கே ஒட்டிப் பாருங்கள். பி.யூ. போர்டாக இருந்தால் நனையாத பகுதியிலிருந்து கை அளவில் நாலைந்து ஃபோம் துண்டு அறுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த போர்டில் ஆழமான குழி விழும்போது, அளவாகச் செதுக்கி உள்ளே வைத்து ஒட்ட அது வேண்டியிருக்கும்.